ஐந்தாம் ஆள் மாடத்தி

ஸ்ரீவில்லிபுத்தூர்
19-1-1988

தம்பி பாண்டிக்கு,

அரை மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிற தம்பிக்குத் தபாலில் எழுத வேண்டியதாகிவிட்டது. நேரில் வந்தால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் பேசியதையே மறுபடி பேசுவேன். இன்லண்டு லெட்டரில் இடம் குறைவு என்பதால் கொஞ்சம் அடக்கமாக எழுதுவேன் என்று ஒரு நம்பிக்கை.

தங்கச்சி மாடத்தி இனிமேல் என்னோடுதான் இருப்பாள். அம்மா போனபிறகு இரண்டு வருஷம் நீ அவளை வைத்திருந்தாய், சோறு போட்டாய், உடம்புக்கு முடியாதபோது பார்த்துக்கொண்டாய். அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. உன் வீட்டுக்காரி அழகுத்தாயிடமும் சொல். ஆனால் உன் மில் மைதானத்துக்கு அவளை நான் அனுப்புவதாக இல்லை.

அவள் சேலைகளையும் சீப்பையும் சேத்தூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடு, இங்கே ஸ்டாண்டில் வாங்கிக்கொள்கிறேன். மானேஜர் கொடுத்த கப்பை அவள் பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். நானும் எடுக்கவில்லை.

நூற்றெண்பது பிள்ளைகளுக்குச் சத்துணவு சமைக்கிறவளுக்குக் காலையில் எழுந்தால் முட்டி மடங்குவதில்லை. இதில் உன்னோடு சண்டை வேறு. களைப்பாக இருக்கிறது.

சீனியம்மாள்

* * *

இராஜபாளையம்
27-1-1988

அன்புள்ள பெரியக்காவுக்கு,

சேலை, சீப்பு, அவள் ரப்பர் செருப்பு எல்லாம் சனிக்கிழமையே அனுப்பிவிட்டேன். கிடைத்திருக்கும்.

உங்கள் கோபம் எனக்கு இன்னும் விளங்கவில்லை. பூப்பந்துக்குப் பக்கத்துக்கு ஐந்து பேர் வேண்டும். மில்லில் ஆடத் தெரிந்தவர்கள் அறுபது பேர் இருக்கிறார்கள். அத்தனை பேரையும் விட்டுவிட்டு, பொங்கல் விழாக் காட்சி ஆட்டத்தில் ஐந்தாம் ஆளாக மாடத்தியை நிறுத்த நான் யார் யாரிடம் போய் நின்றேன் என்று உங்களுக்குத் தெரியாது. பொம்பளை, அதிலும் புத்தி வளராத பொம்பளை, அவளை எப்படி நிறுத்துவாய் என்றார்கள். என் அக்கா என்றேன். இந்த ஆட்டத்தால்தான் எனக்கு மில்லில் வேலையே கிடைத்தது, அந்த ஆட்டத்தில் என் அக்காவுக்கு ஒரு நாள் இடம் கொடுங்கள் என்றேன்.

கொடுத்தார்கள். நாங்கள் ஜெயித்தோம். மைக்கில் அவள் பெயரைச் சொன்னார்கள். பந்தல் முழுக்கக் கை தட்டியது. மானேஜர் மாலை போட்டார். அந்த நேரத்தில்தான் நீங்கள் எழுந்து வந்து, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனீர்கள். என் செக்ஷன் ஆட்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

அழகுத்தாய் ஒன்று சொல்கிறாள். எழுதுவதா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். நாலு பேர் பார்க்க அவள் நிற்பது உங்களுக்கு வெட்கமாக இருந்தது என்கிறாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

உங்கள் தம்பி
சௌந்தரபாண்டியன்

* * *

ஸ்ரீவில்லிபுத்தூர்
4-2-1988

பாண்டிக்கு,

வெட்கம்தான். அழகுத்தாய் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறாள். யாரை நினைத்து வெட்கம் என்பதில்தான் தவறிவிட்டாள்.

நான் பந்தலில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் தெரியாதவள் என்று நீ நினைக்கலாம். உனக்கும் உன் கூட்டாளிகளுக்கும் மைதானத்தில் மோர் ஊற்றி ஊற்றியே எனக்கு இருபது வயது தாண்டியது. இருபத்தொன்பது பாயிண்டுக்கு ஒரு ஆட்டம், அப்படி இரண்டு ஆட்டம் ஆடினீர்கள். அந்த இரண்டிலும் மாடத்தி பக்கம் ஒரு பந்து வரவில்லை, பாண்டி. ஒன்றுகூட. எதிர்ப்பக்கத்து ஆட்கள் அவளைத் தவிர மீதி நாலு பேருக்கும் மாற்றி மாற்றி அடித்தார்கள். தவறி ஒன்று அவள் பக்கம் உயர்ந்து வந்தபோது நீ குறுக்கே பாய்ந்து அதை அடித்தாய். அதற்கும் கை தட்டினார்கள்.

அவள் அத்தனை நேரமும் மட்டையைத் தூக்கிப் பிடித்தபடி, முழங்காலை மடக்கி, நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே நின்றாள். ஒரு மணி நேரம். கை வலித்து மட்டையை இடது கைக்கு மாற்றினாள். பிறகு வலது கைக்கு. அதற்கு மாலை போட்டார் உன் மானேஜர்.

தெருவில் விளையாடும்போது சின்னதுகள் அழுதால் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோமே. ஓடும், ஆடும், அவுட்டானாலும் அவுட் கிடையாது, எண்ணிக்கையிலும் கிடையாது. நாலு வயதுக் குழந்தைக்கு அது போதும். இவளுக்கு முப்பத்தொன்று ஆகிறது.

பஸ்ஸில் வரும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாட்டக்குளம் தாண்டும்போது சொன்னாள், "பந்து வரல." அவ்வளவுதான் சொன்னாள்.

இப்போது நீ எனக்குப் பதில் சொல். அவள் பக்கம் அடிக்க வேண்டாம் என்று எதிர்ப்பக்கத்திடம் நீ சொல்லிவைத்தாயா, இல்லையா?

சீனியம்மாள்

* * *

இராஜபாளையம்
20-3-1988

அன்புள்ள பெரியக்காவுக்கு,

ஆறு வாரமாக உங்கள் கடிதம் சட்டைப்பையிலேயே இருந்தது. சட்டை துவைக்கப் போகும்போதெல்லாம் எடுத்து வேறு சட்டையில் வைத்தேன்.

சொன்னேன். ஆட்டத்துக்கு முன்னால் எதிர் டீம் காப்டனிடம் போய், "அவ பக்கம் மட்டும் அடிக்காதீங்கப்பா" என்று சொன்னேன். அவனும் நல்லவன், "அதுக்கென்ன மாப்ள, இதெல்லாம் சொல்லணுமா" என்றான்.

பந்து வந்து, அவள் தவறவிட்டு, பந்தலில் நாலு பேர் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். அவள் தவறவிட்டு நாங்கள் தோற்றால், அடுத்த வருஷம் காப்டன் பதவி எனக்கு இருக்காது என்பதும் மனசில் இருந்தது. இரண்டாவதை உங்களிடம் மறைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவள் நன்றாக அடிப்பாள், அக்கா. நானும் அவளும் தனியாக ஆடும்போது இடது பக்கம் வருகிற பந்தை விடவே மாட்டாள். அது எனக்குத் தெரிந்தும் சொன்னேன்.

அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. சாப்பிடுகிறாளா?

பாண்டி

* * *

ஸ்ரீவில்லிபுத்தூர்
11-7-1988

தம்பி பாண்டிக்கு,

மாசக்கணக்கில் எழுதவில்லை. கோபம் ஒரு காரணம். நேரமில்லாதது பெரிய காரணம்.

சாப்பிடுகிறாளா என்று கேட்டிருந்தாய். மே மாதம் வரைக்கும் சாயங்காலச் சோறு இறங்கவில்லை. ஐந்து மணியானால் கையில் எது இருந்தாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் போய் நிற்பாள். கரண்டி, விளக்குமாறு, முறம். பக்கத்து வீட்டில் சிரிப்பார்கள். அதட்டினால் உள்ளே வருவாள், பிறகு மறுபடி போய் நிற்பாள்.

பள்ளிக்கூடம் திறந்ததும் வீட்டில் தனியே விட மனமில்லாமல் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் சமையல்கூடத்துக்குப் பின்னால்தான் பூப்பந்து மைதானம். ஸாவித்ரி டீச்சர் என்று டிரில் டீச்சர். சன்னிதித் தெருக்காரர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, குரல் மட்டும் ஆண்டாள் கோயில் நகரா முரசு மாதிரி இருக்கும். பழைய மாணவிகளை வைத்து சாயங்காலம் ஒரு டீம் நடத்துகிறார். ஒரு நாள் பந்து எல்லை தாண்டிச் சமையல்கூடத்துப் பக்கம் வந்தது. தட்டுக் கழுவிக்கொண்டிருந்த மாடத்தி கையிலிருந்த அலுமினியத் தட்டாலேயே அதைத் திருப்பி அடித்தாள். பந்து போய்ப் பின்கோட்டில் விழுந்தது. டீச்சர் கொஞ்ச நேரம் பந்தைப் பார்த்தார், பிறகு தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, "யார் இவ?" என்றார்.

அவர்கள் டீமில் ஒருத்தி கல்யாணமாகி வத்திராயிருப்பு போய்விட்டதால் ஓர் ஆள் குறைவு. இப்போது மாடத்தி ஆடுகிறாள். பந்து வருகிறது. தவற விடுகிறாள், அடிக்கவும் செய்கிறாள்.

கஷ்டம் என்னவென்றால் பக்கம் மாறுவது. ஆட்டத்துக்கு நடுவில் இரண்டு டீமும் பக்கம் மாறிக்கொள்கிறதே, அது அவளுக்கு விளங்கவில்லை. முதல் நாள் அவளைத் தண்ணீர்த் தொட்டி இருக்கிற மூலையில் நிறுத்தினார்கள். அன்றிலிருந்து தொட்டிதான் அவள் இடம். எல்லோரும் அந்தப் பக்கம் போனாலும் இவள் தொட்டிக்குத் திரும்பிப் போய் எதிர் டீம் நடுவே நின்றுகொள்கிறாள். டீச்சர் விதியை விட மாட்டார். "எல்லாருக்கும் ஒரே ரூல்தான் சீனியம்மா, இவளுக்குன்னு தொட்டியை நகர்த்த முடியாது" என்கிறார். சர்வீஸ் முறையும் நினைவில் நிற்பதில்லை. மற்றவள் முறைக்கு இவள் போய்ப் பந்தைக் கேட்கிறாள்.

நீ பெரிய ஆட்டக்காரன். இதற்கு என்ன வழி என்று எழுது. வேறு எதையும் எழுத வேண்டாம்.

சீனியம்மாள்

* * *

இராஜபாளையம்
16-7-1988

அன்புள்ள பெரியக்காவுக்கு,

கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன்.

அவளுக்கு இடத்தைச் சொல்லாதீர்கள். ஆளைச் சொல்லுங்கள். டீமில் யாராவது ஒருத்தியைக் காட்டி, "இவளுக்கு இடது கைப் பக்கம் நில்லு" என்று மட்டும் சொல்லுங்கள். அந்த ஆள் பக்கம் மாறினால் இவளும் மாறுவாள். தினமும் அதே ஆளாக இருக்க வேண்டும்.

சர்வீசுக்கு: இவளுக்கு முந்திய முறைக்காரி தன் முறை முடிந்ததும் பந்தை இவள் கையில் கொடுக்க வேண்டும். எறியக்கூடாது, உள்ளங்கையில் வைக்க வேண்டும். கையில் வைத்தால் போடலாம், வைக்காவிட்டால் போடக்கூடாது. இரண்டு வாரத்தில் பிடித்துக்கொள்வாள். இதில் விதி எதுவும் உடையவில்லை, டீச்சரிடம் சொல்லுங்கள்.

பாயிண்டை அவள் எண்ண வேண்டாம். கேட்டால் சொல்லுங்கள். உயரமாக வருகிற பந்துக்கு அவள் பின்னால் போகப் பயப்படுவாள். சாயங்காலம் பத்துப் பந்து உயரமாகத் தூக்கிப் போட்டுப் பழக்கினால் பயம் போகும். மெதுவாகப் போட வேண்டாம். சாதாரணமாகப் போடுங்கள்.

ஒரு மட்டை அனுப்பியிருக்கிறேன், கண்டக்டரிடம் கேளுங்கள். கைப்பிடி அவள் கைக்கு வழுக்கும். அதனால் இங்கே தறியில் நெய்கிற பேண்டேஜ் துணியை மூன்று சுற்றுச் சுற்றித் தைத்திருக்கிறேன். அழகுத்தாய்தான் தைத்தாள்.

இதெல்லாம் என்னோடு இருந்தபோது ஏன் செய்யவில்லை என்று கேட்காதீர்கள். வேறு எதையும் எழுத வேண்டாம் என்று சொன்னதால் நிறுத்துகிறேன்.

பாண்டி

* * *

ஸ்ரீவில்லிபுத்தூர்
5-10-1988

தம்பி பாண்டிக்கு,

நீ சொன்ன வைத்தியம் பலித்தது. பலித்ததில் புதுத் தொல்லை.

இருளம்மாள் என்று ஒருத்தி, தேரடிப் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். டீமில் நல்ல கை அவளுக்குத்தான், வாயும் அவளுக்குத்தான். "இவளுக்கு இடது கைப் பக்கம் நில்லு" என்று அவளைக் காட்டினோம். பக்கம் மாறும் தொல்லை அன்றோடு தீர்ந்தது. ஆனால் ஆட்டம் முடிந்த பிறகும் மாடத்தி இருளம்மாளின் இடது கைப் பக்கமே நிற்கிறாள். அவள் குழாயடிக்குப் போனால் இவளும் போகிறாள். போன வாரம் ஜவுளிக்கடைக்கே போய், கல்லாவுக்கு இடப்பக்கம் நின்றிருக்கிறாள். முதலாளி யாரிந்தப் பொம்பளை என்று கேட்டிருக்கிறார். இருளம்மாள் வந்து என்னிடம், "எக்கா, என்னால ஏலாது. நான் ஆட வந்தேனா, ஆள் மேய்க்க வந்தேனா" என்று சத்தம் போட்டாள். ஒரு வாரம் பாடுபட்டு, மட்டை கையில் இருந்தால் மட்டும் இருளம்மாள், மட்டையை வைத்துவிட்டால் சீனியம்மாள் என்று பழக்கினேன்.

வெளியூர் டீம் ஒன்று வந்தது. இவளை வைத்துக்கொண்டு ஆடினால் ஆட்டமா என்று முணுமுணுத்தார்கள். டீச்சர், "அஞ்சு பேர் நிக்கறா, அஞ்சு மட்டை இருக்கு. என்ன குறை, சொல்லுங்கோ" என்றார். ஆடினார்கள், நாங்கள் தோற்றோம். நாங்கள் தோற்பது வழக்கம்தான்.

நான் மைதானக் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து போனால் ஆட்டத்தை விட்டுவிட்டு என் பின்னால் வந்துவிடுவாள். காலை ஐந்து மணிக்கு எழுந்து, உலை வைத்து, நூற்றெண்பது தட்டுக் கழுவி, கணக்கு எழுதி, சாயங்காலம் ஆறரை வரை சிமெண்டுத் திண்டில் உட்காருகிறேன். உன் அத்தான் லாரியோடு போனால் பத்து நாள் கழித்துத்தான் வருகிறார். வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டக் கை வருவதில்லை. இவள் ஆடுவது எனக்குச் சந்தோஷம் என்று நீ நினைத்தால் அது உண்மைதான். ஆனால் என்னால் முடியவில்லை என்பதும் உண்மை.

வாரத்தில் ஒரு சாயங்காலம் நீ வந்து அந்தத் திண்டில் உட்கார். பஸ் ஸ்டாண்டில், என் வாசல்படி மிதிக்காதே என்று சொன்னேன். வாசல்படி மிதிக்க வேண்டாம், மைதானத்துக்கு வந்தால் போதும்.

சீனியம்மாள்

* * *

இராஜபாளையம்
12-12-1988

அன்புள்ள பெரியக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். ஸ்பின்னிங்கில் ஆள் பற்றாக்குறை, ஷிப்டு மாற்றிக் கொடுக்கவில்லை. இரண்டு முறை கிளம்பினேன். ஒரு முறை பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டுத் திரும்பினேன். ஷிப்டு மட்டும் காரணம் இல்லை. அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை.

வாரம் ஒரு முறை வருகிறேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். வேறு ஒன்று செய்திருக்கிறேன். எங்கள் மில்லில் பெண்கள் டீம் இருக்கிறது, நல்ல டீம். ஜனவரி 22 ஞாயிற்றுக்கிழமை உங்கள் பள்ளி மைதானத்தில் ஆட அவர்களைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். நான்தான் அம்பயர். ஸாவித்ரி டீச்சருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

அன்றைக்காவது உங்கள் இருவரையும் பார்ப்பேன்.

பாண்டி

* * *

ஸ்ரீவில்லிபுத்தூர்
17-12-1988

பாண்டிக்கு,

டீச்சருக்குச் சம்மதம். வாருங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உன் மில் பெண்களிடம் நீ ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. அவளைப் பற்றி நல்லதும் சொல்லாதே, கெட்டதும் சொல்லாதே. அடிக்கவும் சொல்லாதே, அடிக்க வேண்டாம் என்றும் சொல்லாதே. ஐந்து பேர் ஆட வருகிறார்கள் என்று மட்டும் அவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

சத்தியம் செய்து எழுது என்று கேட்க நினைத்தேன். நமக்குள் அதெல்லாம் எதற்கு. சொல்லாதே.

சீனியம்மாள்

* * *

இராஜபாளையம்
24-1-1989

அன்புள்ள பெரியக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் சொல்லாமல் வந்துவிட்டேன். நீங்கள் இலை போட்டு வைத்திருந்தீர்கள் என்று மறுநாள் மில்லில் பெண்கள் சொன்னார்கள். அவர்கள் சாப்பிட்டார்கள். எனக்குச் சாப்பிட முகமில்லை.

நான் அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். ஐந்தாறு பாயிண்டுக்குள் அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள், பலவீனமான இடம் எது என்று. ஆட்டம் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள், நானாக இருந்தாலும் செய்திருப்பேன். அதற்குப் பிறகு எல்லாப் பந்தும் மாடத்திக்குத்தான். உயரமாக, பின்னால், வலது பக்கமாக. நான் அம்பயர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பாயிண்டு சொல்ல வேண்டியிருந்தது. அவள் பின்னால் ஓடி மட்டையை வீசித் தவறவிடும் ஒவ்வொரு முறையும் என் வாயால் நான் எண்ணிக்கையைச் சொன்னேன். கரையில் யாரோ சிரித்தார்கள். நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தீர்கள். அது எப்படி உங்களால் முடிந்தது?

ஆனால் இருளம்மாள் கையால் ஆளுக்கொரு ஆட்டமாகி, மூன்றாவது ஆட்டத்தில் மாடத்தி திருப்பி அடிக்க ஆரம்பித்தாள். உயரமான பந்துக்கு அவள் பின்னால் போனதை நான் பார்த்தேன். இருபத்தாறு வரை வந்துவிட்டீர்கள். அவர்கள் இருபத்தெட்டு, சர்வீசும் அவர்களிடம். கடைசிப் பந்து அவளுக்கு இடது பக்கம், பின்கோட்டுக்கு உள்ளே விழுந்தது. ஒரு சாண் உள்ளே, ஆட்டம் அவர்களுக்கு. நான் உயரத்தில் உட்கார்ந்திருந்தேன், தெளிவாகப் பார்த்தேன்.

பார்த்துவிட்டு, "அவுட்" என்று சொன்னேன்.

நினைத்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது. மில் பெண்கள் திகைத்தார்கள், ஆனால் என்னை எதிர்த்துப் பேச மாட்டார்கள், நான் செக்ஷன் மேஸ்திரி. டீச்சர் மட்டும் எழுந்து, "அம்பயர் ஸார், நன்னாப் பார்த்தேளா?" என்று கேட்டார். அப்போதாவது திருத்தியிருக்கலாம். மறுபடியும் அவுட் என்றேன்.

மாடத்தி என்னைப் பார்க்கவில்லை. பந்து விழுந்த இடத்துக்குப் போனாள். குனிந்து பார்த்தாள். "உள்ள" என்றாள். பிறகு மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வலைக்கு நடந்து போய், ஆட்டம் முடிந்தால் செய்வது போல அந்த ஐந்து பேருக்கும் கை கொடுத்தாள். அவள் கை கொடுத்த பிறகு நான் சொன்னதற்கு என்ன மதிப்பு. ஆட்டம் முடிந்தது.

எனக்கு அவள் தோற்பதைப் பார்க்கப் பொறுக்காது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நாற்காலியில் இருந்து இறங்கும்போது தெரிந்தது, அதுவும் பொய். மற்றவர்கள் அதைப் பார்ப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மாடத்தியின் தம்பி என்று என்னைப் பார்ப்பதுதான். பொங்கல் விழாவிலும் அதுதான்.

நீங்கள் திட்டி எழுதுங்கள். எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

பாண்டி

* * *

ஸ்ரீவில்லிபுத்தூர்
3-2-1989

தம்பி பாண்டிக்கு,

திட்டுவதற்கு உட்கார்ந்தேன். ஒரு வாரத்தில் இரண்டு இன்லண்டு லெட்டர் கிழித்தாயிற்று. எனக்கு உன்னைத் திட்டும் தெம்பு போய்விட்டது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எப்படி அசையாமல் இருந்தேன் என்று கேட்டிருக்கிறாய். சேலை முந்தியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் முந்தி கிழிந்திருக்கிறது.

நீ போன பிறகு இருளம்மாள் பிடித்துக்கொண்டாள். மில் பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, அத்தனை பேர் முன்னாலும் மாடத்தியைத் திட்டினாள். "ஏட்டி, அம்பயரே வெளியன்னுட்டாரு, உனக்கென்னட்டி வந்துச்சு? இன்னும் ரெண்டு பாயிண்டு எடுத்தா சமம். வாயை மூடிக்கிட்டு நின்னா ஜெயிச்சிருப்போம்லா. அந்த உயரப் பந்தை எம்புட்டுத் தடவ சொன்னேன், பின்னால போ, பின்னால போன்னு. காதுல வாங்குனியா?" நான் எழுந்தேன். டீச்சர் என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

மாடத்தியை இதுவரைக்கும் ஆட்டத்துக்காக யாரும் திட்டியதில்லை. பாவம் என்று விட்டிருக்கிறார்கள், சனியன் என்றும் திட்டியிருக்கிறார்கள், அதெல்லாம் வேறு. இவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். பிறகு, "உள்ளதான் விழுந்துச்சு" என்றாள். இருளம்மாளும், "அது எனக்கும் தெரியும் போ" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். மாடத்தி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் எனக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை, மைதானத்துக்கும் போகவில்லை. இவளைக் கூட்டிப்போக ஆளில்லை என்று பேசாமல் படுத்திருந்தேன். ஐந்து மணிக்கு வாசலில் இருளம்மாள் குரல். "ஏட்டி மாடத்தி, வாரியா இல்லியா, நாலு பேர்தான் நிக்கோம்." இவள் மட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கூட இல்லாமல், பாண்டி. ஆறரைக்கு இருளம்மாளே கொண்டுவந்து விட்டாள். இந்த வாரம் முழுக்க அப்படித்தான். நான் இந்த ஒரு வாரமாகத்தான் சாயங்காலம் படுக்கிறேன்.

இப்போது உன் விஷயம். நீ வேண்டுமென்று பொய் சொன்னாய் என்பது டீச்சருக்குத் தெரியும், இருளம்மாளுக்குத் தெரியும், கரையில் இருந்தவர்களுக்கெல்லாம் தெரியும். ஒருத்திக்கு மட்டும் தெரியாது. தம்பி பொய் சொல்வான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. உனக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை டீச்சரிடம் அவளே போய்ச் சொன்னாளாம். "பாண்டிக்குக் கண்ணு தெரியல டீச்சர். பாவம். யாரும் அவன வையாதிங்க." என்னிடம் நேற்று சோறு தின்னும்போது சொன்னாள், "அவன நாற்காலில ஏத்தாத. சிரிப்பாக. ஆட வரச்சொல்லு. எம்பக்கத்துல நிக்கட்டும். அவங்கிட்ட பந்து வந்தா நான் அடிச்சுக்கிடுதேன்."

சோற்றைப் பிசைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள். நான்தான் பாதியில் எழுந்து போய்க் கை கழுவினேன்.

உண்மையை அவளிடம் நான் சொல்லவா, வேண்டாமா? நீயே முடிவு செய். இத்தனை வருஷம் எல்லாவற்றையும் நானே முடிவு செய்து அலுத்துவிட்டது.

சீனியம்மாள்

* * *

இராஜபாளையம்
8-2-1989

அன்புள்ள பெரியக்காவுக்கு,

நீங்கள் சொல்ல வேண்டாம்.

உங்கள் கடிதத்தை அழகுத்தாயிடம் படித்துக் காட்டினேன். கடைசிப் பக்கத்தைப் படிக்க என்னால் முடியவில்லை, அவள்தான் வாங்கிப் படித்தாள். கண் மங்கிவிட்டது என்றே இருக்கட்டும், அது எல்லோருக்கும் நல்லது என்று முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தால், அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் ஒரு நாள்கூட என்னால் நிற்க முடியாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். அழகுத்தாயும் வருகிறாள். முதலில் மாடத்தியிடம், எனக்குக் கண் நன்றாகத் தெரியும், பந்து உள்ளே விழுந்ததை நான் பார்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அவள் எனக்கு இரண்டு வயது மூத்தவள். அவளுக்கு விளங்காது என்று நான் முடிவு செய்யக்கூடாது. கோபப்பட்டால் படட்டும்.

அதற்குப் பிறகு அவள் எங்கே நிற்கச் சொல்கிறாளோ அங்கே நிற்கிறேன். வெளியே நில் என்று சொன்னாலும் சரி.

பாண்டி